ஏழாவது தீர்மானம்: கைத்தடி போன பக்கம்

அத்தியாயம் 11

வெண்டலின் டிரக் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது, நொரீன் கையில் பீன்ஸ் சட்டியோடு சேற்றில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன, உன் பட்டாளம் வந்தாச்சா?" வெண்டல் கதவைத் திறந்துகொண்டே கேட்டான்.

"வந்தாச்சு. உன் பட்டாளம்?"

"வரும். எங்க ஆளுங்க மாட்டுக்குத் தீனி போட்டுட்டுத்தான் வருவாங்க. உங்களை மாதிரி காபியைக் கையில பிடிச்சுக்கிட்டு விடியறதுக்கு முன்னாடியே இடம் போடத் தெரியாது."

"பொறாமையா இருந்தா காபி உள்ளே இருக்கு. போய்க் குடி."

ஆறு மாதமாக அண்ணனும் தங்கையும் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். சிரிப்பு இருக்கும். சிரிப்புக்குள் ஒரு முள்ளும் இருக்கும்.

வெண்டல் மறுபக்கம் போய் மனைவியை இறக்கிவிட்டான். முதலில் கைத்தடி வந்தது. பிறகு ஒரு கால். பிறகு கொரின்.

போன செப்டம்பரில் மெயின் தெருவைக் கடந்து தபால் ஆபீசுக்குப் போனவளை மரம் ஏற்றிய லாரி தட்டிவிட்டுப் போனது. இடுப்பெலும்பு இரண்டு துண்டு. அதற்கு முன்பு வரை ஹார்லோ ஊரில் அவளைவிட வேகமாக நடக்கும் பெண் கிடையாது.

"ராத்திரி நல்லா உறைஞ்சிருக்கு," என்றாள் கொரின், பள்ளிக் கூரையை அண்ணாந்து பார்த்து. ஓரத்தில் தொங்கிய பனிக்கம்பிகள் வெயிலில் மினுங்கின. ஒன்றின் நுனியில் துளி திரண்டு நின்றது. "இப்ப வெயிலும் வந்துடுச்சு."

"மத்தியானத்துக்குள்ள மேப்பிள் மரத்துல சாறு இறங்கும்," என்றான் வெண்டல். பெண்டாட்டி வானிலை பேசுகிறாள் என்றுதான் அவன் நினைத்தான்.

நொரீனும் அப்படித்தான் நினைத்தாள்.

மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை. வெர்மான்ட் மலைகளில் ஊர்க்கூட்டம் நடக்கும் நாள். ஊரார் எல்லாரும் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தீர்மானமாகப் பேசி, சண்டை போட்டு, கையோடு ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நடுவில் சாப்பாடு. வீட்டுக்கு ஒரு சட்டி.

இந்த வருடத்து ஏழாவது தீர்மானம் ஊருக்கே மனப்பாடம். பழைய வெண்ணெய் ஆலைக்குப் பின்னால் ஊருக்குச் சொந்தமான வயலில் இருபத்துநான்கு வாடகை வீடுகள் கட்டலாமா? கட்டினால், மெயின் தெருவில் ஆட்கள் கடக்க மேடு போட்ட நடைகடவையும் விளக்கும் வரும். பக்கத்து நகரத்துப் பேருந்தும் ஹார்லோவில் நின்று போகும். மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருந்தது மாநில அரசு. ஒன்றை மட்டும் உருவ முடியாது.

நொரீனுக்கு இது பொதுக்காரியம் மட்டுமல்ல. கடைவீதியில் அவள் குடியிருந்த மாடி வீட்டை, சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஜூன் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். ஊரில் வேறு வீடு கிடையாது. அவள் கணவன் டேரில் அதே நகரப் பேருந்தின் ஓட்டுநர். தன் ஊருக்கு வராத பேருந்தை ஓட்டுவதற்காக, தினமும் காரில் அரைமணி நேரம் போகிறவன். அங்கேயே போய்விடலாம் என்கிறான். இன்றைக்கும் அவனுக்கு வேலை. ஓட்டுப் போட வரவில்லை.

தீர்மானம் தோற்றால், ஹார்லோவில் பிறந்து வளர்ந்த நொரீன் ஹார்லோவில் இருக்கப்போவதில்லை.

ஜெயிக்கும் என்றுதான் அவள் நம்பினாள். மனக்கணக்கில் அவள் முதலில் வைத்த ஓட்டு கொரினுடையது.

*

பதினொரு மணிக்கு ஏழாவது தீர்மானம் வந்தது.

அவைத்தலைவர் ப்ரெண்டிஸ் மற்ற நாட்களில் குதிரைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். முரண்டு பிடிக்கும் பிராணிகளோடு பழகிய பொறுமை அவருக்கு இருந்தது. மரச்சுத்தியால் மேசையைத் தட்டினார்.

வெண்டல் எழுந்தான். வயலுக்கு மேலே சரிவில் இருக்கும் மேப்பிள் தோப்பு அவனுடையது; அந்த மரச்சாற்றைக் காய்ச்சிப் பாகாக்கி விற்பவன்.

"தலைவரே, இருபத்துநாலு வீடு. வீட்டுக்கு ரெண்டு கார். ராத்திரி பூரா விளக்கு. தோப்புக்குள்ள நாய், பிள்ளைங்க, சாறு வர்ற குழாயைத் தடுக்கி விழறவங்க. இதெல்லாம் நாளைக்கு என் தலைவலி. நான் ஆளுங்களுக்கு விரோதி இல்லை. நடைகடவை வேணுமா? முதல் கை என்னோடது. என் பெண்டாட்டியைவிட அது வேற யாருக்கு வேணும்? ஆனா கடவையைக் கேட்டா வீட்டையும் சேர்த்து வாங்குன்னா எப்படி? சட்டை வாங்கப் போனவன் தலையில கடையையே கட்டறதா?"

கைதட்டல் பலமாக இருந்தது. ரப்பர் பூட்ஸ் போட்ட வரிசைகளிலிருந்து வந்தது.

நொரீன் எழுந்தாள்.

"தலைவரே, கடவை மட்டும் கொடுங்கன்னு மூணு தடவை எழுதிக் கேட்டோம். ‘அந்த இடத்துல தெருவைக் கடக்கிறவங்க எண்ணிக்கை போதாது’ன்னு பதில். பயந்துக்கிட்டு யாரும் கடக்கிறதில்லை. யாரும் கடக்காததால கோடு போட மாட்டாங்க. பேருந்தைக் கேட்டா, நடந்து வர்ற தூரத்துல ஆள் இல்லைங்கறாங்க. ஆள் எப்படி இருக்கும்? குடியிருக்க வீடு எங்கே?"

"கடக்கிறவங்களே இல்லைன்னு யாரு சொன்னது?" குரல் மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது. கொரின். உட்கார்ந்தபடியே சொன்னாள். "நான் கடந்தேனே. பாதி வரைக்கும்."

கூடம் முழுக்கச் சிரித்தது. வெண்டலும் சிரித்தான். அவன் காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

இந்த ஒரு வாக்கியத்தில் காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே நொரீன் உட்கார்ந்தாள்.

வாய் ஓட்டில் தீரவில்லை. ‘ஆம்’ சத்தமும் ‘இல்லை’ சத்தமும் ஒரே அளவாக இருந்தன. ப்ரெண்டிஸ் தலையைச் சொறிந்தார்.

"சபை பிரியட்டும். ‘ஆம்’ வடக்குச் சுவருக்கு. ‘இல்லை’ தெற்குச் சுவருக்கு. மெதுவாப் போங்க. போன வருஷம் மாதிரி யாரும் நாற்காலியில தடுக்கி விழுந்து என்கிட்ட மருந்து கேட்க வேண்டாம். என் மருந்து குதிரைக்கு."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஊர் இரண்டாகப் பிரிந்து நடந்தது. ஆசிரியைகள், ஆஸ்பத்திரி வேலைக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லாம் வடக்கே. நொரீன் அவர்களோடு போய்ச் சுவரில் சாய்ந்து திரும்பிப் பார்த்தாள்.

நடுக்கூடத்தில் ஒருத்திதான் பாக்கி.

கொரின் கைத்தடியை ஊன்றி நின்றாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். தெருவைக் கடக்கும் முன் பார்ப்பதுபோல். பிறகு நடந்தாள். டக். டக். தரையில் போட்டிருந்த கூடைப்பந்துக் கோடுகளைத் தாண்டி.

தெற்குச் சுவரை நோக்கி.

வடக்குச் சுவரோரம் யாரோ "அடிப்பாவி!" என்றார்கள். வெண்டலுக்கே வாய் பிளந்துவிட்டது. சட்டென்று நகர்ந்து மனைவிக்கு இடம் விட்டான்.

எண்ணினார்கள். பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் ஏழாவது தீர்மானம் தோற்றது.

"சாப்பாடு!" என்றார் ப்ரெண்டிஸ். சுத்தி விழுந்தது.

*

சாப்பாட்டுக் கூடத்தில் பீன்ஸ் இருந்தது, பன்றி இறைச்சி இருந்தது, பழம் வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரம் ஏழெட்டு வகை இருந்தது. நொரீனுக்கு எதுவும் இறங்கவில்லை. அவள் சட்டிதான் முதலில் காலியானது. தோற்கடித்தவர்களே இரண்டாம் தடவை போட்டுத் தின்றார்கள்.

கொரின் பின்கட்டில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கழுவிய கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை.

"சொல்லு," என்றாள் நொரீன்.

"கதவைச் சாத்து."

"சாத்த மாட்டேன். ஊரே கேட்கட்டும். மூணு மாசம் நீ வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னப்ப யாரு வந்தா? உன்னைக் குளிப்பாட்டினது யாரு? நான் வீட்டை விட்டுப் போகப்போறேன்னு தெரிஞ்சும்..."

"கதவைச் சாத்து, நொரீன்."

சாத்தினாள்.

"காலையில கூட்டத்தைப் பார்த்தியா? பூட்ஸ் அத்தனையும் அவங்க பக்கம். பத்துப் பேர் வரைக்கும் நமக்குக் குறையும்னு எனக்கு உட்கார்ந்த உடனே தெரிஞ்சுபோச்சு. நான் உன் பக்கம் வந்திருந்தாலும் தோத்திருப்போம்."

"அதுக்காக?"

"தோத்துப்போன தீர்மானத்தை மறுபடி எடுக்கணும்னா யாரு கேட்கலாம்?"

பதில் நொரீனுக்குத் தெரியும். ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். ஜெயித்த பக்கம் நின்றவர்தான் கேட்கலாம். தோற்றவர் கேட்க முடியாது. அதுவும் அடுத்த தீர்மானத்தை எடுப்பதற்குள் கேட்டாக வேண்டும்.

வழக்கமாக ஜெயித்தவர்கள் இதற்கு இடம் வைக்க மாட்டார்கள். ஓட்டு எண்ணிய கையோடு வெண்டல் பக்கத்து ராயல் டட்டில் கிழவர் எழுந்து, ‘மறுபடி எடுக்கலாமா?’ என்று தானே கேட்டு, தன் ஆட்களை வைத்துத் தானே தோற்கடித்துவிடுவார். அதற்குப் பூட்டு என்று பெயர். பூட்டிவிட்டால் அந்தக் கதவு அந்த வருடம் திறக்காது.

"ராயல் இன்னைக்குப் பூட்டலை," என்றாள் கொரின், ஒரு கரண்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி. "எல்லாரும் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கூரை சொட்ட ஆரம்பிச்சிடுச்சு. இப்ப வெளியே போய்ப் பாரு. டிரக் ஒவ்வொண்ணாக் கிளம்பும். தொட்டி நிரம்பி வழிஞ்சா சாறு மண்ணுக்குத்தான்."

"நீ... இதை எல்லாம் காலையிலேயே..."

"ராத்திரியே. உறைபனின்னு வானொலியில சொன்னாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல!"

"உன்கிட்டயா? உனக்கு இருக்கிறது மூஞ்சி இல்லைடி, கண்ணாடி ஜன்னல். வெண்டல் ஒரு பார்வையில படிச்சிருப்பான்."

நொரீன் சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை நிறுத்தினாள்.

"இது நியாயமா, கொரின்? அவங்க இல்லாதப்ப..."

"நான் யாரையும் பிடிச்சு வெளியே தள்ளலை. கூட்டம் முடியலை. இருக்கணும்னு நினைக்கிறவன் இருக்கலாம்." அவள் துணியை மடித்து வைத்தாள். "உனக்காகச் செய்யறேன்னு நினைச்சுக்காதே. தபால் ஆபீஸ் தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கு. செப்டம்பர்லேர்ந்து எனக்கு வர்ற கடிதத்தை அவன்தான் எடுத்துட்டு வரான். நல்லவன்தான். தினமும் மறக்காம எடுத்துட்டு வரான். எனக்கு நானே போய் எடுக்கணும். அவ்வளவுதான்."

*

வெளியே வந்த நொரீனுக்கு வெயிலில் கண் கூசியது. கொரின் சொன்னது சரி. டிரக்குகள் சேற்றைக் கிழித்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தன.

வெண்டலின் டிரக்கும் உறுமியது. அவளைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினான்.

"கோபமா?"

"இல்லை."

"பொய். சரி, கேளு. வீடு கிடைக்கலைன்னா எங்க மாடி சும்மாத்தான் கிடக்கு. நீ, டேரில், உன் பிள்ளை, மூணு பேரும் வந்துடுங்க. எத்தனை நாளானாலும் சரி. காலையிலேயே சொல்லணும்னு இருந்தேன். ஓட்டுக்கு லஞ்சம் கொடுக்கிறான்னு நீ சொல்லுவே. அதான் சொல்லலை."

நொரீன் டிரக்கின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. இன்னும் அரை மணி நேரம் இரு, வெண்டல். ஒரு வரிதான்.

"அடுத்தது என்ன?" என்று கேட்டான் அவன். "முக்கியமானது ஏதாவது இருக்கா?"

"எட்டாவது தீயணைப்பு வண்டி."

அது பொய்யில்லை.

"அதுக்கு நான் எதுக்கு? கொரினை நீ கொண்டுவந்து விட்டுடறியா? மேலே போயிட்டா கைபேசி எடுக்காது."

"விட்டுடறேன்."

டிரக் போனது. நொரீன் அது வளைவில் திரும்பும்வரை பார்த்தாள். கூப்பிட்டிருந்தால் கேட்கும் தூரம்தான்.

*

மறுபடி கூடியபோது தெற்குப் பக்கம் நாற்காலிகள் பல் போன வாய்போல் இருந்தன.

ப்ரெண்டிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எட்டாவது..."

டக் என்று தடி தரையில் அடித்தது.

"தலைவரே! எட்டாவதைப் படிச்சுட்டீங்களா?"

"இன்னும் இல்லை. ‘எட்டாவது’ன்னு மட்டும்தான் சொன்னேன்."

"அப்ப ஏழாவதை மறுபடி எடுக்கணும்னு கேட்டுக்கறேன்."

ராயல் டட்டில் எழுந்தார். அவருக்குப் பாகு காய்ச்ச மகன்கள் இருந்தார்கள். அதனால் அவர் மட்டும் ஆப்பிள் ‘பை’ தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"அக்கிரமம்! வெளியே சாறு இறங்கிக்கிட்டு இருக்கு. இங்கே முதுகுல குத்தறீங்க!"

"கூட்டத்துக்கு யாரும் லீவு விடலையே, ராயல்," என்றாள் கொரின். "இதே மாதிரி ஒரு சாறு நாள்ல, பாதிப் பேர் கிளம்பினப்புறம் பள்ளிக்கூடச் செலவை நீங்க குறைச்சீங்க. அப்ப நான் இந்த நாற்காலியிலதான் இருந்தேன்."

கிழவர் ப்ரெண்டிஸைப் பார்த்தார்.

ப்ரெண்டிஸ் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அவசரப்படாமல் ஒரு பக்கத்தை இரண்டு தடவை படித்தார். "ஜெயிச்ச பக்கம் நின்னவங்கதான் கேட்க முடியும். நீங்க எந்தப் பக்கம் நின்னீங்க?"

"ஊரே பார்த்துச்சே, தலைவரே. போய்ச் சேர எனக்கு அவ்வளவு நேரம் ஆச்சு."

இந்தத் தடவை சிரிப்பு ஒரு மாதிரியாக வந்தது. கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் பயத்தோடு.

மறுபடி எடுக்கலாம் என்று சபை சொன்னது. ராயல் கால்மணி நேரம் பேசினார். பேசிக்கொண்டே வாசல் கதவைப் பார்த்தார். யாரும் வரவில்லை. நொரீனும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது திறக்க வேண்டும் என்று விரும்புகிறாளா, திறக்கக் கூடாது என்று விரும்புகிறாளா என்பது அவளுக்கே தெரியவில்லை.

சபை பிரிந்தது. டக். டக். கைத்தடி வடக்கே வந்து அவள் பக்கத்தில் நின்றது.

ஏழாவது தீர்மானம் நிறைவேறியது. யாரும் பெரிதாகக் கைதட்டவில்லை. அடுத்த பத்து நிமிடத்தில் ஊர் ஒரு தீயணைப்பு வண்டியும் வாங்கியது.

போகும்போது ராயல் டட்டில் நொரீன் பக்கத்தில் நின்றார். "ஜெயிச்சுட்டே, பொண்ணு. சட்டப்படி குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை." தொப்பியை மாட்டிக்கொண்டார். "மேலே போய் வெண்டல்கிட்ட சொல்லப்போறது யாரு? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும்."

*

கார் மெயின் தெருவில் தபால் ஆபீசைத் தாண்டியது. கொரின் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"மாடியில குடியிருக்கச் சொன்னான்," என்றாள் நொரீன்.

"தெரியும். போன வாரமே மாடியை ஒழிச்சு வச்சுட்டான்."

"அதையும் நீ சொல்லலை."

"சொல்லியிருந்தா நீ இன்னைக்கு வாயைத் திறந்திருப்பே."

மலைப்பாதையில் கார் ஏறியது. தோப்புக்குள் கொட்டகைக் கூரையிலிருந்து வெள்ளை வெளேரென்று ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. காற்றிலேயே இனிப்பு இருந்தது.

உள்ளே வெண்டல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, நீளமான கொப்பரையின் முன் வியர்வையோடு நின்றான். பாகு பொங்கி வந்தது. ஒரு துண்டு வெண்ணெயை உள்ளே போட்டான். நுரை அடங்கியது.

"வாங்க, வாங்க! இந்த வருஷத்து முதல் பாகு. நிறத்தைப் பாரு, நொரீன். தங்கம்!"

சின்னக் கோப்பையில் ஊற்றி நீட்டினான். நொரீன் வாங்கிக்கொண்டாள். சூடு விரலில் ஏறியது. குடிக்கவில்லை.

"என்ன ரெண்டு பேரும் சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி? தீயணைப்பு வண்டி என்னாச்சு? வாங்கியாச்சா?"

கொரின் விறகடுக்கின்மேல் உட்கார்ந்து, தடியை மடியில் வைத்துக்கொண்டாள். "வெண்டல், நீயும் கொஞ்சம் உட்காரு."

"இப்பவா? பாகு பதத்துக்கு வந்துக்கிட்டிருக்கு. கண்ணை எடுத்தாக் கருகிடும்."

கொரின் மறுபடி வாய் திறந்தாள். அதற்குள் நொரீன் கோப்பையைப் பலகைமேல் வைத்துவிட்டாள்.

"அப்ப கண்ணை எடுக்காதே. நின்னுக்கிட்டே கேளு," என்றாள். "நான்தான் சொல்லணும். மத்தியானம் நீ டிரக்ல உட்கார்ந்துக்கிட்டு, அடுத்தது என்னன்னு என்கிட்ட கேட்டியே..."

அகப்பையோடு நின்ற வெண்டலின் கை நின்றது. கொப்பரையில் நுரை மறுபடி மேலே ஏறத் தொடங்கியது.